பாடிக்கொண்டு வரும் வண்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் சபை வண்டி வருவதற்கு முன்பே அதில் வருகிறவர்களின் பாட்டு வந்துவிடும். பாலாற்றுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பதினைந்து பெண்களாவது அந்த வேனில் வருவார்கள். கைத்தட்டல் உண்டு, கஞ்சிராவும் உண்டு. சதுரங்கப்பட்டினம் கடைத்தெருவில் வண்டி திரும்பும்போது டீக்கடையில் நிற்கிறவர்கள், "பாட்டு வண்டி வந்துச்சி பாரு" என்பார்கள். மற்ற சபைக்காரர்களுக்கு எங்கள் வண்டி மேல் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. தங்கள் வண்டியில் ஏறுகிற விசுவாசிகள் செல்போனை நோண்டிக்கொண்டே வருகிறார்கள் என்று ஒரு பாஸ்டர் எங்கள் பாஸ்டரிடம் குறைப்பட்டுக்கொண்டாராம்.

அந்த வண்டியை ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர். பாட்டு விஷயத்தில் அவருக்குப் பெருமை அதிகம். "நம்ம வண்டில கால் வெச்சாலே அபிஷேகம் எறங்கிடுது" என்பார். பரிசுத்த ஆவி இறங்கிப் பாட வைக்கிறது என்று அர்த்தம். நான் அதை நம்பினேன் என்று சொல்ல முடியாது. மறுத்துப் பேசவும் இல்லை. புருஷனுடைய பெருமையில் கை வைப்பதற்கு முன்னால் நூறு தடவை யோசிக்கவேண்டும் என்பது என் கணக்கு.

அவருக்கு வாரநாட்களில் கம்பெனி பஸ். கல்பாக்கம், அணுபுரம் பக்கமிருந்து சென்னை ஐடி ஆபீஸ்களுக்குப் போகிற பிள்ளைகளை விடியும் முன்பே ஏற்றிக்கொண்டு, மாமல்லபுரம் வழியாகக் கொண்டுபோய் விடுவார். இருட்டிய பிறகு திரும்பக் கொண்டுவருவார். சனிக்கிழமை பஸ் ஓடாது என்று பெயர். அன்றைக்கு மாமல்லபுரத்தில் ஒரு டிராவல்ஸ்காரர் கூப்பிட்டுவிடுவார். கல்யாணம், கோயில், காஞ்சிபுரம் என்று எங்காவது டிரிப் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சபை வண்டி.

ஞாயிற்றுக்கிழமை என்றால் காலை ஆராதனைக்கு ஏற்றி இறக்குவதோடு முடிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பெண்களைத் திரும்ப ஊரில் விட்டுவிட்டு வந்தால், மதியம் யார் வீட்டிலாவது காட்டேஜ் பிரேயர் இருக்கும். மைக் செட்டும் பாயும் கீபோர்டும் வண்டியில்தான் போகவேண்டும். சாயங்காலம் வாலிபர் கூட்டம். நடுவில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை. எல்லாம் முடிந்து வண்டியைக் கழுவி நிறுத்திவிட்டு வருகிற மனிதர், சோற்றில் கை வைத்தபடியே கண்ணை மூடுவார். அவர் ஜெபம் பண்ணுகிறார் என்று நான் காத்திருந்ததும் உண்டு.

நானும் ஒன்றும் ராணி மாதிரி உட்கார்ந்திருக்கவில்லை. புதுப்பட்டினத்தில் ஒரு மெடிக்கலில் மருந்தாளுநர் வேலை. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு. அது கடைக்கு லீவே தவிர எனக்கு லீவு இல்லை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள், பெண்கள் ஐக்கியம், மதியம் வீட்டுக்கு வருகிற ஊழியக்காரர்களுக்குச் சாப்பாடு. ஆறு நாள் சம்பளத்துக்கு உழைத்தோம், ஏழாம் நாள் சம்பளம் இல்லாமல் உழைத்தோம். அதற்கு ஓய்வு நாள் என்று பெயரும் வைத்திருந்தோம்.

இந்த லட்சணத்தில் ஒரு புத்தாண்டு ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்தார் என் வீட்டுக்காரர். மேடையேறிப் பேசுகிற ஆள் இல்லை அவர். அன்றைக்கு என்ன வேகமோ, மைக்கைப் பிடித்து, "இந்த வண்டிய தொட்ட நாள்லேருந்து ஒரு ஞாயித்துக்கெழம கூட வண்டி நின்னதில்ல. கர்த்தர் எனக்கு ஜீவன் குடுக்கற வரைக்கும் இனிமேயும் நிக்காது" என்று சொல்லிவிட்டார். சபை முழுக்க அல்லேலூயா போட்டது. பாஸ்டர் இறங்கி வந்து அவர் தலையில் கை வைத்து ஜெபித்தார். முன் வரிசையில் இருந்த நானும் கைத்தட்டினேன். கைத்தட்டாமல் உட்கார்ந்திருக்க முடிகிற இடம் இல்லை அது.

வெளியாட்களுக்கு இது ஒரு மகிழ்ச்சியில் சொன்ன பேச்சாகத் தெரியலாம். எங்கள் ஆட்களுக்கு அப்படி இல்லை. சபைக்கு முன்னால் மைக்கில் சொல்லி, ஆமென் வாங்கிவிட்டால் அது பொருத்தனை, கடவுளுக்கு நேர்ந்துகொண்டது மாதிரி. பொருத்தனையை முறித்தால் என்ன ஆகும் என்று சொல்ல ஆளுக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள். அன்றையிலிருந்து காய்ச்சல் வந்தாலும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். மாத்திரையை எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

அந்த வருஷம் மழை முடிந்த சமயம், ஒரு திங்கட்கிழமை. வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். நான் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"இன்னிக்கி பூஞ்சேரி கூட்ரோடு தாண்டுனது எனக்கு ஞாபகமே இல்ல" என்றார்.

"இன்னா சொல்றீங்க?"

"மகாபலிபுரத்துல ரெண்டு பேர ஏத்துனது ஞாபகம் கீது. அப்பறம் பார்த்தா பஸ்சு எங்கியோ போய்கினு கீது. நடுவுல ஒண்ணுமே இல்ல. சிக்னல்ல நின்னனா, நிக்கலையான்னு கூட தெரியல."

பஸ்ஸில் இருந்தவர்கள் யாருக்கும் எதுவும் தெரியவில்லையாம். விடியற்கால பஸ்ஸில் எல்லோரும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு தூங்குவார்கள். ஓட்டுகிறவனும் தூங்கியிருக்கிறான், அவ்வளவுதான். கரண்டி என் கையில் நின்றுவிட்டது. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பயம் இருந்தது. ஆனால் பயத்துக்கு மேல் உடனே ஒரு போர்வையைப் போர்த்தினார்.

"கர்த்தர் காப்பாத்திட்டாரு."

எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு கோபம். "கர்த்தருக்கு வேற வேல இல்ல பாருங்க, நீங்க தூங்கறப்பல்லாம் வந்து ஸ்டியரிங் புடிக்கறதுக்கு. பின்னால உக்காந்துகினு வர்ற புள்ளைங்களுக்கு அம்மா அப்பா கீறாங்க. எனக்கு நீங்க கீறீங்க. ஒரு நாளு படுத்துத் தூங்குங்க."

"எந்த நாளு?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அப்படி ஒரு நாள் எதுவென்று அவருக்குத் தெரியவில்லை.

மெடிக்கலில் நிற்கிறவளுக்கு ஊர் உடம்பு தெரியும். உடம்பு வலிக்கு, தலைவலிக்கு, நெஞ்செரிச்சலுக்கு என்று வந்து வாங்கிப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது தூக்கம். அதை நான் விற்க முடியாது. எத்தனையோ பேரிடம், "ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்கண்ணா, சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். என் வீட்டில் ஒருவர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறார்.

எங்கள் மாமனார் பிறந்து வளர்ந்தது அடுத்தவர் நிலத்தில். எப்போது வேலை, எப்போது வேலை இல்லை என்பதை நிலத்துக்காரர்தான் சொல்லவேண்டும். கிறிஸ்தவராகி, ஞாயிற்றுக்கிழமை நான் வரமாட்டேன் என்று முதன்முதலாகச் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனவர் அவர். அதற்காக அடியும் வாங்கியிருக்கிறார். அன்றைக்குச் சண்டையில் இதையும் எடுத்துப் போட்டேன். "உங்கப்பா அடி வாங்கி வாங்கிக்குடுத்த நாளு அது. அதுல கொண்டுபோய் ஒரு வேன கட்டி வெச்சிட்டீங்களே" என்றேன். அவர் எழுந்து கை கழுவினார்.

அடுத்த நாள் வேறு வழியில் போனேன். என் வீட்டுக்காரருக்கு வண்டி என்றால் உயிர். சர்வீஸ் நாள் தவறவே மாட்டார். ஆயில் மாற்றியதும் மெக்கானிக், அடுத்த சர்வீஸ் எப்போது என்று எழுதி, கண்ணாடி மூலையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவாரே, அது அவருக்கு வேதவாக்கு. ஒரு தடவை சபை மூப்பர் தன் வீட்டுக் கல்யாணத்துக்கு வண்டி கேட்டபோது, "சர்வீசு தாண்டிட்ச்சி, ஒரு கிலோமீட்டர் கூட எடுக்க மாட்டேன்" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொன்ன ஆள். நான் மெக்கானிக்கிடம் போய் எழுதாத ஸ்டிக்கர் ஒன்று வாங்கிவந்தேன். அதில், 'அடுத்த சர்வீஸ்: சனிக்கிழமை' என்று எழுதி, அவர் முகம் மழிக்கிற கண்ணாடியின் மூலையில் ஒட்டினேன்.

காலையில் அதைப் பார்த்துச் சிரித்தார். பாதி முகத்தில் சோப்போடு என் பக்கம் திரும்பினார். பிறகு, "ஞாயித்துக்கெழமைக்கு பாஸ்டர் கிட்ட நீயே பேசு" என்றார்.

எங்கள் பாஸ்டர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒல்லியான மனிதர். யார் கூப்பிட்டாலும் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஒரு சாயங்காலம் நாங்கள் இருவரும் போய் உட்கார்ந்ததும், "ஸ்தோத்திரம் பிரதர், ஸ்தோத்திரம் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு, செல்போனைக் கவிழ்த்து வைத்தார். அது கவிழ்ந்தபடியே அதிர்ந்துகொண்டிருந்தது. நான் பூஞ்சேரி விஷயத்தைச் சொன்னேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி நிற்கட்டும், மற்ற வாரங்களில் மதியத்துக்கு மேல் வண்டி வேண்டாம் என்று கேட்டேன்.

"பிரதர் சாட்சி சொல்லிட்டாரே சிஸ்டர்" என்றார் தயக்கமாக.

"சாட்சி சொன்னது வாயி பாஸ்டர். ஓட்றது கண்ணு. கண்ணு எந்தச் சாட்சியும் சொல்லல."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். நான் விடவில்லை. "ஓய்வுநாள்ல மாட்டுக்கும் கழுதைக்கும் கூட வேல குடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே பிரசங்கம் பண்ணீங்க? டிரைவருக்கு மட்டும் இல்லியா?"

பாஸ்டர் சிரித்துவிட்டார். டீ கொண்டுவந்த பாஸ்டரம்மா சிரிக்கவில்லை. டம்ளரை வைத்தபடியே, "நல்லா கேளும்மா. இவரு கடைசியா எப்ப சும்மா உக்காந்தாருன்னும் சேத்துக் கேளு" என்றார். பாஸ்டருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

ஆனால் பாஸ்டர் திருப்பிக் கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது. வண்டி நின்றால் அந்தக் கிராமத்துப் பெண்கள் எப்படி வருவார்கள்? ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் பஸ் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. சபையில் வேன் ஓட்ட லைசென்ஸ் வைத்திருக்கிற வேறு ஆள் கிடையாது. வாரம் முழுக்க அணுபுரம் குடியிருப்பில் வீட்டு வேலை செய்கிறவர்கள் அந்தப் பெண்கள். பாத்திரம், துணி, சமையல் என்று நான்கு வீடு, ஐந்து வீடு பார்க்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு வெளியே போக இருக்கிற ஒரே நாளை நாம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். ஒருவர் தூங்க வேண்டுமென்றால் பதினைந்து பேர் கோயிலுக்கு வர முடியாது. அதுதான் விஷயம்.

"அவங்க கிட்டயே போய்ச் சொல்லுங்க பிரதர். அவங்க சரின்னா எனக்கும் சரி" என்றார் பாஸ்டர். "அதுக்கு முன்னால இந்தச் சனிக்கிழமையாவது டிரிப்புக்குப் போவாதீங்க."

அந்தச் சனிக்கிழமையைச் சொல்லவேண்டும். டிராவல்ஸ்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, முறையாகத் திட்டம் போட்டு எடுத்த ஓய்வு அது. மனிதர் வழக்கம்போல விடியும் முன்பே எழுந்து உட்கார்ந்துவிட்டார். என் ஸ்கூட்டரைக் கழுவினார். சொட்டுகிற குழாய்க்கு வாஷர் மாற்றினார். சொட்டாத குழாயையும் கழற்றிப் பார்த்தார். ஃபேனுக்கு எண்ணெய் விட நாற்காலி மேல் ஏறியபோது நான் டூல்ஸ் பெட்டியைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். பிறகு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். ஓட்டின கால் அதற்கு மேல் இருந்தது.

ஒருவழியாகப் படுக்க வைத்தேன். கண் அசருகிற நேரத்தில் வாசலில், "ஸ்தோத்திரம்" என்று குரல். சபை ஆட்கள். நானே கடைக்கு லீவு போட்டுவிட்டு இருக்கிறேன் என்பதும், அவர் டிரிப்புக்குப் போகவில்லை என்பதும் எப்படியோ ஊரில் பரவியிருக்கிறது. லீவே போடாத மனிதர் லீவு போட்டால் ஒன்று நெஞ்சுவலியாக இருக்கவேண்டும், இல்லை விசுவாசத்தை விட்டுப் பின்மாற்றத்தில் போயிருக்கவேண்டும். ஒரு கூட்டம் சாத்துக்குடியோடு வந்தது. இன்னொரு கூட்டம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தது. எல்லோரும் சேர்ந்து முழங்கால் போட்டார்கள். ஒருவர் அவர் இருதயத்தின் ரத்தக் குழாய்களுக்காக ஜெபித்தார். அடுத்தவர் வழிதப்பின ஆடு மந்தைக்குத் திரும்பவேண்டும் என்று கண்ணீர் விட்டார். என் வீட்டுக்காரர் இரண்டுக்கும் ஆமென் சொன்னார். நான் இரண்டு சுற்று டீ போட்டேன்.

நான் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது வெளியே வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். வந்தவர்களை, எங்கள் வாசலில் நிற்கிற சபை வண்டியில் ஏற்றிக்கொண்டு, வீடு வீடாக இறக்கிவிடப் போய்க்கொண்டிருந்தார். வெயில்ல எப்படிப் போவாங்க என்று பிறகு கேட்டார். எங்கள் முதல் ஓய்வு நாள் அப்படி முடிந்தது. பேஜாரு பிடித்த மனுஷன் என்று வாய்விட்டே சொன்னேன்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் இருவரும் ஸ்கூட்டரில் அந்தக் கிராமத்துக்குப் போனோம். வழியெல்லாம் அவர், "இந்த மாசம் போவட்டுமே, கிறிஸ்மஸ் முடிஞ்சி பாத்துக்கலாமே" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஓட்டினேன், அதனால் அவரால் வண்டியைத் திருப்ப முடியவில்லை. அவர்கள் வாரநாட்களில் கூடி ஜெபிக்கிற தகரக் கூரை அறைக்கு முன்னால் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். வேலை முடித்து வந்த களைப்பு எல்லார் முகத்திலும் இருந்தது. வண்டியில் கஞ்சிரா அடிக்கிற அக்கா முன்னால் இருந்தார். நல்ல உயரம், நல்ல குரல். பாட்டுகளுக்கெல்லாம் அடியெடுத்துக் கொடுப்பவர் அவர்தான்.

என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். மழை விட்டதைப் பற்றிப் பேசினார். ரோடு போடாததைப் பற்றிப் பேசினார். மறுபடி கனைத்தார். நான் முழங்கையால் இடித்த பிறகு, "மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம வண்டி எடுக்க முடியாது போல கீது. ஒடம்புக்கு முடியல. ராத்திரி தூக்கம் பத்தல" என்று ஒருவழியாகச் சொன்னார். "சாட்சி சொன்னது தப்புன்னு நெனச்சிக்காதீங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கஞ்சிரா அக்காதான் வாயைத் திறந்தார்.

"இத்த சொல்றதுக்கா இத்தினி தபா கனச்ச? நீ தூங்கறது எங்களுக்குத் தெரியும் தம்பி."

"நான் எப்ப தூங்கனேன்?"

"எப்ப தூங்கல? முன்னால கண்ணாடி கீதே, அதுல உன் கண்ணு எங்களுக்குத் தெரியும். ஒரு தபா வண்டி வாய்க்கா பக்கமா எறங்கிச்சி. நான் ஏசப்பான்னு கத்துனேன், நீ முழிச்சிகினு வளச்சிட்ட. ஸ்தோத்திரம் சொல்றாங்கன்னு நீ நெனச்சிகின."

இன்னொரு பெண் சொன்னார்: "அன்னிலேருந்துதான் அண்ணாத்த முறை போட்டுகினு பாடறோம். பாலம் வரிக்கும் நாங்க, அதுக்கப்பறம் பின் சீட்டுக்காரங்க. பாட்டு நின்னா உன் தலை சாயுது."

"கஞ்சிராவ உன் சீட்டுக்குப் பின்னாலயே உக்காந்து ஏன் அடிக்கறேன்னு நெனச்ச?" என்றார் அக்கா. "எனக்குப் பாட்டு பைத்தியம்னா? வாரம் பூரா பாத்திரம் தேச்சிட்டு வர்றவளுக்கு அந்நேரத்துல தூக்கம் வருமா, பாட்டு வருமா?"

இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று நான்தான் கேட்டேன்.

"எப்டி சிஸ்டர் சொல்றது? எங்களுக்காக ஓட்றாரு. கோச்சிகினு நிறுத்திட்டா நாங்க எப்டி கோயிலுக்கு வர்றது? அதுக்கு மேல சபையில நின்னு சாட்சி வேற சொல்லிட்டாரு. சரி, ஊழியக்காரன முழிக்க வெக்கிறதும் ஊழியந்தான்னு பாடிகினு வந்தோம்" என்றார் அக்கா.

பேசி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு வண்டி ஓடாது. அன்றைக்கு அவர்கள் தங்கள் ஊரிலேயே அந்தத் தகர அறையில் ஜெபித்துக்கொள்வார்கள். பாஸ்டர் வருவார் என்று நான் சொன்னதற்கு, "அவரு வர வேணாம், அவரும் தூங்கட்டும்" என்றார்கள். மற்ற வாரங்களில் முந்தின நாள் மதியத்துக்கு மேல் என் வீட்டுக்காரர் வேறு எந்த வண்டியையும் தொடக்கூடாது. இந்த நிபந்தனையைப் போட்டது அவர்கள்தான். "எங்க உசுரு எங்களுக்கு வோணும்" என்றார் அக்கா.

திரும்பி வரும்போது அவர், வாயலூர் தாண்டியதும் என் முதுகுக்குப் பின்னாலிருந்து, "அபிஷேகம்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தால் அழுகை வந்தது. கண்ணைத் துடைக்க ஸ்கூட்டரை ஓரம் கட்டவேண்டியிருந்தது. அந்தப் பெண்கள் ஒரு நாள், ஒரே ஒரு நாள், தங்கள் களைப்பில் பாடாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அங்கே நின்றுதான் முழுசாக நினைத்துப் பார்த்தேன்.

ஏற்பாட்டுக்குப் பிறகு முதல் தடவையாக இரண்டாவது ஞாயிறு வந்தது. நாங்கள் நடந்தே கோயிலுக்குப் போனோம். அவர் ஆண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்து, பல வருஷங்களுக்குப் பிறகு வண்டிச் சாவி இல்லாத சட்டைப் பையோடு பிரசங்கம் கேட்டார். பாதியில் தலை சாய்ந்தது. பாஸ்டர் பார்த்தார், குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு தொடர்ந்தார். வீட்டில் நான் ரசமும் அப்பளமும் தவிர வேறு எதுவும் வைக்கவில்லை. யாரையும் சாப்பிடக் கூப்பிடவில்லை. எனக்கு அது திருட்டுத்தனம் செய்தது போலத்தான் இருந்தது. அவர் செல்போனை அரிசி டப்பாவில் போட்டு மூடினேன். இருவரும் தூங்கினோம். எழுந்தபோது வெயில் போயிருந்தது. எங்கள் ஊர்ப் பழைய கோட்டைக்குப் பின்னால் கடற்கரையில் போய்ச் சும்மா உட்கார்ந்தோம். என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. செங்கல்பட்டு ஹாஸ்டலில் இருக்கிற மகளைப் பற்றிப் பேசினோம். அடுத்த தடவை பேச வேறு விஷயமும் கிடைத்தது.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுந்து நின்று சாட்சி சொல்ல நான் தயாராக இல்லை. டிராவல்ஸ்காரர் இன்னும் முணுமுணுக்கிறார். சபையில் இரண்டொருவர், முன்பிருந்த வைராக்கியம் இப்போது இல்லை என்று எங்கள் காதில் படுகிற மாதிரி சொல்கிறார்கள். சாவு வீடு, பிரசவம் என்று வந்து, போட்ட திட்டம் போன மாதங்களும் உண்டு. அப்போதெல்லாம் கண்ணாடியில் இருக்கிற ஸ்டிக்கரில் பழைய நாளை அடித்துவிட்டு வேறு நாள் எழுதுகிறேன். அடிக்காமல் விட்டால் அந்த மனிதர் அப்படியே மறந்துவிடுவார். வண்டிக்கும் அதே ஒழுங்குதான், ஓடி நிற்கும் வரைக்கும் காத்திருந்தால் அதற்குப் பெயர் சர்வீஸ் இல்லை.

புது ஏற்பாட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் மதியமே சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், நடுவில் ஒரு தடவை எழுந்து காபி குடித்துவிட்டு மறுபடியும் தூங்கியிருந்தார். காலையில் விசில் அடித்துக்கொண்டே வண்டியை எடுத்துப் போனார். நான் கோயில் வாசலில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தேன். வழக்கமாகப் பாட்டு கேட்கிற நேரம் தாண்டியது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கடைத்தெருப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. வாய்க்காலும் பூஞ்சேரியும் கண் முன்னால் வந்து போயின. பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினேன்.

வண்டி திரும்பி வந்துகொண்டிருந்தது. மெதுவாக, பள்ளம் பார்த்துப் பார்த்து வந்தது. பாட்டு இல்லை, கைத்தட்டல் இல்லை. வாசலில் நிறுத்தி, ஹார்ன் அடிக்காமல் இறங்கினார் என் வீட்டுக்காரர். நான் வாயைத் திறப்பதற்குள் உதட்டில் விரல் வைத்தார்.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். எல்லாப் பெண்களும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, வாய் பிளந்து, நல்ல புடவை கசங்கத் தூங்கினார்கள். கஞ்சிரா அக்காவின் தலை ஓட்டுநர் இருக்கையின் முதுகில் சாய்ந்திருந்தது. கஞ்சிரா மடியில் கிடந்தது.

"பாலம் தாண்டுனதுமே ஒவ்வொருத்தரா சாஞ்சிட்டாங்க" என்றார் மெல்ல. "குலுங்காம ஓட்டிகினு வந்தேன். எழுப்பாத. ஆராதனைக்கு இன்னும் கொஞ்ச நேரம் கீது."

வண்டி வெயிலில் நின்றது. அவர் ஏறி, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, சத்தமில்லாமல் வேப்பமர நிழலுக்கு உருட்டினார். உள்ளே மைக் சோதித்துக்கொண்டிருந்த பாஸ்டர் வாசலுக்கு வந்தார். வண்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். திரும்பிப் போய் மைக்கை அணைத்துவிட்டு வந்து, எங்களோடு நிழலில் நின்றார்.